சிங்கப்பூர்க்காரர் பங்கு

எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் சம்பள நாள் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வருவது, எண்ணெய்க்காகப் பயிரிடும் எங்கள் செம்பனைத் தோட்டம். மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் ஆபிஸ் வாசலில் வரிசை நிற்கும். கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்பள உறையைக் கையில் கொடுப்பார். அம்மாவும் அந்த வரிசையில் நின்று வாங்கி வருவாள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது அவள் வேலை. அப்பா இறந்த பிறகு அந்த வேலை இருந்ததால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்கள் கையை விட்டுப் போகவில்லை. சம்பள நாளன்று சாயங்காலம் லயத்து முன்னால் துணி வியாபாரி பாயை விரிப்பார். சீனர் ஒருவர் லோரியில் மீன் கொண்டு வருவார். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம்.

நான் பாடகி. எண்பதுகளின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மெல்லிசைக் குழு இல்லாமல் நடக்காது. அப்படி ஒரு குழுவில் நான் பெண் குரல். தை பிறந்தால் கல்யாணங்கள் வரிசை கட்டும். பங்குனி, சித்திரையில் தோட்டத்துக் கோயில்கள் கூப்பிடும். ஆடியில் கல்யாணம் நின்றுபோனாலும் அம்மன் திருவிழாக்கள் காப்பாற்றும். அதற்கப்புறம் தீபாவளியை ஒட்டி இரண்டொரு மேடை. பிறகு மழை பிடித்துக்கொள்ளும், மார்கழி வரும். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

காசு வந்தால் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். அம்மாவுக்குச் சேலை, எனக்கு வளையல், ஒரு தை மாதம் புது மின்விசிறி. மழைக்காலத்தில் அதே வளையல் கோலசிலாங்கூர் அடகுக் கடைக் கம்பிக்குப் பின்னால் போய்விடும். அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"சம்பள நாளே இல்லாத வேலை, அதெல்லாம் ஒரு வேலையா?"

 மேடையில் ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். மறுவாரம் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவேன். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி நடக்கிறது என்று எனக்கே புரியாது.

குழுவில் நாங்கள் ஆறு பேர். தலைவர் கீபோர்ட் அண்ணன். ஒரு தோட்ட ஆபிசில் சின்னக் கிராணியாக இருந்தவர், வாத்தியத்துக்காக அந்த நாற்காலியை விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பெருமையும் அந்தப் பயமும் சேர்ந்தே இருக்கும் அவரிடம். தபலா அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசினால் மற்றவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆண் குரலுக்கு ஒருவர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். கிட்டார் வாசிப்பவன் ரவாங் பையன், என்னை விடச் சின்னவன். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன். கடைசியாக, பேஸ் கிட்டார் வாசித்த ஒருவர்.

அந்த பேஸ் கிட்டார்க்காரர் ஒரு நாள் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார். மாதச் சம்பளம், தங்க இடம். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் எல்லாருக்கும் கொஞ்சம் பொறாமைதான்.

அவர் போன பிறகு முதலில் வந்தது தஞ்சோங் காராங் பக்கம் ஒரு கல்யாணம். கீபோர்ட் அண்ணன் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துச் சமாளித்தார். பணத்தைப் பகலில்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். களைத்துப்போன ராத்திரியில் பிரித்தால் சண்டை வரும் என்பார். அதனால் மறுநாள் மதியம் கோலசிலாங்கூரில், மலையடிவாரத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய 'மாமாக்' தேநீர்க் கடையில் கூடினோம். பிரிப்பது எப்போதும் என் வேலை. தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு நோட்டுகளை மேசையில் வைக்கத் தொடங்கினேன். வாய் எதையோ பேசிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

வைத்து முடித்துப் பார்த்தால் ஆறு பங்கு. உட்கார்ந்திருந்தது ஐந்து பேர்.

"என்னாக்கா, ஆறு வச்சிருக்கீங்க?" என்று சிரித்தான் கிட்டார் தம்பி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஆறாவது பங்கை எடுத்து மற்றதில் கலக்கக் கையை நீட்டினேன். தபலா அண்ணன் அதன்மேல் தன் கையை வைத்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி."

"ஏண்ணே?"

"அவன் இருந்திருந்தா இந்தக் காசு நம்ம கைக்கு வந்திருக்குமா? நமக்கு இதுதான்னு பழகிப்போச்சு. இது இல்லாம போன மாசம் பொழச்சோம், இந்த மாசமும் பொழைக்கலாம். அவன் இன்னும் இருக்கான்னே வச்சிக்குவோம்."

"இல்லாத ஆளுக்குச் சம்பளமா?" என்றார் மாமா.

"மழைக்காலத்துல நாம இல்லாத ஆளு மாதிரிதானே இருக்கோம்? அப்ப அவன் நமக்குக் கொடுக்கட்டும்."

 கீபோர்ட் அண்ணன் அந்தப் பங்கைச் சட்டைப் பையில் தனியாக வைத்தார். மறுநாள் அவரும் தபலா அண்ணனும் போய் இருவர் பெயரிலும் சேர்த்து வங்கியில் ஒரு கணக்குத் திறந்தார்கள். ஒருவர் மட்டும் போனால் எடுக்க முடியாது. இப்படித்தான் எங்களோடு சேர்ந்தார் சிங்கப்பூர்க்காரர். அந்தப் பங்குக்கு அதுதான் பெயர்.

பெரிய மேடையோ சின்னக் கல்யாணமோ, ஆறாகத்தான் பிரிப்போம். ஆரம்பத்தில் எனக்கு வலித்தது. கையில் வருவது போதாதபோது பக்கத்தில் ஒரு பங்கு சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காது. சில மாதங்களில் அந்த வலி போய்விட்டது. அது நம்முடையது இல்லை, அவருடையது என்று மனசு நம்பத் தொடங்கியது. பொய் என்று தெரிந்தே நம்பினோம். அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, வெற்றிலை சிகரெட் இல்லை, வளையல் ஆசை இல்லை. எங்கள் ஐந்து பேரில் யாரையும் விட வசதியான ஆளாக அவர் ஆகிக்கொண்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாக அவர் எங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார். வளையல் அந்த வருஷம் என் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு நிஜமான சிங்கப்பூர்க்காரர் லீவில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் பேர்ல நீங்க பணக்காரங்களா ஆயிட்டீங்களா?" என்றார். போகும்போது ஒரு சிங்கப்பூர் நோட்டை எடுத்துக் கீபோர்ட் அண்ணன் கையில் திணித்தார். "என் பங்கு, நானும் ஏதாச்சும் போடணும்ல." அந்த நோட்டை மாற்ற எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. மாற்றாமல் வைத்தால் அது காசே இல்லை என்று கடைசியில் தபலா அண்ணன்தான் மாற்றிக்கொண்டு வந்தார்.

கணக்கு வளர வளர வேறு சங்கடம் வந்தது. ரவாங்கில் ஒரு சீனர் வாத்தியக் கடை வைத்திருந்தார். குரலை மலைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்க வைக்கும் ஒரு மிஷின் அங்கே வந்திருந்தது. கீபோர்ட் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"சிங்கப்பூர்க்காரர்கிட்ட இருக்குல? அது வந்தா நம்ம ரேட்டே ஏறிடும்."

"அண்ணே, அது வயித்துக்கு வச்சது" என்றார் தபலா அண்ணன். "மிஷினுக்கு வேணும்னா மிஷினுக்குன்னு தனியா சேர்ப்போம். ரெண்டையும் ஒரே பையில போட்டா, மிஷின் எப்பவும் ஜெயிச்சிடும் லா. அது கண்ணுக்கு முன்னால பளபளன்னு இருக்கும். பசி இன்னும் வரலையே."

கீபோர்ட் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தலைவர் அவர். அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளுக்குத் தபலா அண்ணன் பக்கம் திரும்பாமலே வாசித்தார். ஆனால் வங்கிக்குப் போகவில்லை. போனாலும் தனியாக எடுக்க முடியாது என்பது ஒன்று. தபலா அண்ணன் சொன்னதுதான் சரி என்று அவருக்கும் தெரிந்திருந்தது என்பது இன்னொன்று. பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சின்னதாக ஒரு தொகையை மிஷினுக்கென்று எடுத்துவைத்தோம். அது வர நாளாயிற்று. வந்தபோது கடன் இல்லாமல் வந்தது.

இதெல்லாம் நடந்து முடிந்த ஒரு சித்திரையில் என் குரல் உடைந்தது.

இரண்டு மாதமாகவே மேல் ஸ்வரத்தில் ஒரு கரகரப்பு. மிளகு, தேன், வெந்நீர் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கோயில் மேடையில், உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. மாமா சட்டென்று என் வரியையும் சேர்த்து எடுத்துப் பாடினார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

கிள்ளானில் ஒரு சீன டாக்டரிடம் அம்மா கூட்டிக்கொண்டு போனாள். அவர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்ன முடிச்சு. "ஜாங்கான் சாக்காப்" என்றார் மலாயில். பேசக் கூடாது. நான் தலையாட்டினேன். "பிசிக் பூன் ஜாங்கான்." ரகசியமாகக் கிசுகிசுக்கவும் கூடாது. பேச்சு சில வாரம் கூடாது, பாட்டு பல மாதம் கூடாது. அதற்குப் பிறகு குரல் வருமா என்று அம்மா கேட்டாள். பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அம்மா சம்பள நாள் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அதே தேநீர்க் கடையில் கூடினோம். நான் போயிருக்க வேண்டியதில்லை. விலகிக்கொள்கிறேன், வேறு பெண்ணைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று போனேன். எப்படிச் சொல்வது? கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், வாசலைக் காட்டினேன்.

"என்னா சொல்றாங்க? பாத்ரூம் போகணுமா?" என்றான் கிட்டார் தம்பி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சத்தமில்லாமல் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு என்னைப் பற்றியே பேசினார்கள். கீபோர்ட் அண்ணன்தான் தொடங்கினார்.

"ரவாங்ல ஒரு பொண்ணு இருக்கு, பாடும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தங்கச்சியோட பங்கு அதுக்குப் போகட்டும். வேலை செய்றவங்களுக்குக் கொடுத்துதான் ஆகணும். தங்கச்சிக்குச் சிங்கப்பூர்க்காரர் கொடுக்கட்டும். மாசா மாசம்."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"நீ பேசாதே. டாக்டரு சொல்லியிருக்காரு" என்றார் தபலா அண்ணன்.

"எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டார் மாமா. கெட்ட மனசோடு கேட்கவில்லை. அவர் முகத்தில் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். "குரல் வரலைன்னா? அது எல்லாருக்கும் வச்ச காசு. மழை வந்தா நாம என்ன பண்றது?"

 கடைக்காரர் ரொட்டிக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தார். எதிரொலி மிஷினுக்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த அதே கீபோர்ட் அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஆபிஸ் வேலைய விட்டப்ப எங்கப்பா ஒண்ணு கேட்டாரு. உனக்குச் சுகமில்லன்னா யாருடா சம்பளம் போடுவான்னு. இவ்வளவு வருஷம் அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்ப இருக்குன்னு நினைக்கிறேன். இதுக்கே நாம கொடுக்கலைன்னா, பேசாம நான் திரும்பிப் போய்க் கணக்கு எழுதலாம்."

பிறகு விவரமாகப் பேசினார்கள். மழைக்காலத்துக்குத் தொடாமல் வைக்க வேண்டியது எவ்வளவு, மிச்சத்தில் எத்தனை மாதம் ஓடும், புதிதாக வரும் ஆறாவது பங்கு எவ்வளவு தாங்கும் என்று. என் பங்கு நல்ல மாதங்களில் இருந்த அளவு இல்லை. மோசமான மாதங்களில் இருந்த அளவும் இல்லை. நடுவில் ஒரு தொகை. மழை முடியும்வரை அது தாங்கும் என்று ஆனது. தையில் மறுபடியும் உட்கார்ந்து பேசலாம் என்றார்கள்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "சரி லா. கொடுப்போம். ஆனா எனக்கும் ஒரு நாளு தொண்டை போகும். அப்ப யாரும் முகத்தைத் திருப்பக்கூடாது, ஆமா."

நான் எழுந்து போய் அவர் முன்னால் கை கூப்பினேன். "அட, உட்காரு புள்ள" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

என்னைப் பற்றி ஒரு கூட்டம் நடக்கிறது, அதில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கெஞ்சவில்லை, அழுது கேட்கவில்லை. அப்படியிருந்தும் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் வாய் திறந்து கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே ஓடும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உலகம் இப்படியும் நடக்குமா என்று இருந்தது.

அடுத்த மாதம் தோட்டத்தில் சம்பள நாள். அம்மா வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தபலா அண்ணன். தலைக் கவசத்தைக் கழற்றி, சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"தங்கச்சியோட சம்பளம்மா."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். வாங்கவில்லை.

"அவதான் பாடலையே தம்பி."

"பாடினப்ப எடுத்து வச்சதும்மா."

"பாடாம இருக்கறதுக்கா கொடுக்கறீங்க?"

"திரும்பப் பாடறதுக்கு."

அம்மா இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். சாமி படத்தட்டில் தன் சம்பளம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். இரண்டு உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவள் அவற்றை நகர்த்தி நேராக வைத்தாள். மறுபடி ஒரு முறை நேராக வைத்தாள்.  தபலா அண்ணனுக்குத் தேநீர் போடப் போனவள் அடுப்படியிலிருந்து வெகுநேரம் வரவில்லை. அன்று லோரியில் வந்த மீன் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்னா, ரெண்டு சம்பளமா?" என்று கேட்டாள். "ஆமா. எம் மவளுக்கும் இன்னிக்குத்தான்" என்று அம்மா லயம் பூராவும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் வந்தார். அதுவும் சரியாகச் சம்பள நாளன்றுதான் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, முதலில் கேட்கக் குரலும் இல்லை. முன்பு கையில் காசு இருக்கும்போதெல்லாம் அடுத்தது எப்போது என்ற கவலை கூடவே இருக்கும். இப்போது வேலை இல்லாத காலத்தில் அந்தக் கவலை இல்லை. தொகை சின்னதுதான். ஆனால் அது வரும் என்று தெரியும். வரும் என்று தெரிவதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. நன்றாகத் தூங்கினேன். தூங்கினதால்தான் தொண்டை ஆறியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டாக்டர் அதை ஒப்புக்கொள்வாரோ என்னவோ.

பேச அனுமதி வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை "அம்மா". எங்கள் இரண்டு பேருக்கும் திக்கென்றது. அது என் குரல் இல்லை. ஒரு படி கீழே, கொஞ்சம் கனமாக, யாரோ ஒரு பெரிய பொம்பளையின் குரல் மாதிரி இருந்தது.

மழை வந்தது, போனது. தையில் இன்னும் கொஞ்சம் பொறு என்றார் டாக்டர். சிங்கப்பூர்க்காரர் இன்னும் தாங்கினார். பங்குனியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அன்று நீ ஒரே ஒரு பாட்டு பாடு, போதும் என்றார் கீபோர்ட் அண்ணன். மதியம் பந்தலில் ஒத்திகை பார்த்தோம். பழைய சுருதியில் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே குரல் எட்டவில்லை. நிறுத்திவிட்டேன்.

"என்னால ஆகாதுண்ணே. அது போச்சு."

அவர் கீபோர்டில் ஏதோ தட்டினார். "ரெண்டு கட்டை இறக்கிட்டேன். இப்ப பாடு."

"அந்தப் பாட்டு அந்த உயரத்துலதான்..."

"பாடு தங்கச்சி."

தபலா அண்ணன் ஏற்கெனவே சுத்தியலை எடுத்துத் தபலாவின் ஓரத்தைத் தட்டிப் புதுச் சுருதிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். குரல் நெஞ்சிலிருந்து வந்தது. எங்கேயும் முட்டவில்லை. இவ்வளவு இடம் எனக்குள் இருந்ததா? கண்ணைத் திறந்தபோது பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஏணியில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பதிலாகப் பாடிக்கொண்டிருந்த ரவாங் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க கீழ பாடுங்க, நான் மேல பாடறேன். ரெண்டு பேரும் இருப்போம் லா" என்றாள். அன்று சாயங்காலம் அப்படித்தான் பாடினோம். கூட்டம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது. பிறகு தட்டியது.

அவள் குழுவிலேயே இருந்துவிட்டாள். ஆறு பேர் ஆனோம், ஆகையால் சிங்கப்பூர்க்காரரையும் சேர்த்து ஏழாகப் பிரித்தோம்.

அந்த வருஷம் இன்னொன்றும் மாறியது. தங்கச்சிக்கு மாசா மாசம் கொடுத்த மாதிரி நமக்கும் ஏன் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்று மாமாதான் கேட்டார். பயந்த மனிதர், அந்த யோசனை அவரிடமிருந்து வந்தது. வருகிற பணமெல்லாம் முதலில் வங்கிக்குப் போகட்டும், மாதத்துக்கு ஒரு தொகை எல்லாருக்கும் ஒரே மாதிரி வரட்டும் என்றார். எவ்வளவு என்று பேச்சு வந்தபோது எல்லாரும் தை மாதத்தை நினைத்துக்கொண்டு பெரிய தொகையாகச் சொன்னோம். தபலா அண்ணன் மார்கழியை நினைத்துச் சொன்னார். அவர் சொன்னதைத்தான் வைத்தோம். மிஞ்சினால் தீபாவளிக்கு போனஸ். முதல் வருஷமே மிஞ்சியது. பலருக்கு வேலை போய், தோட்டத்தில் ஓவர்டைமும் நின்றுபோன காலம் அது. கல்யாணங்களைச் சின்னதாக நடத்தினார்கள், எங்களுக்கு அழைப்பும் குறைந்தது. ஆனாலும் ஒரு மாதம்கூடச் சம்பளம் தவறவில்லை.

கிட்டார் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. நல்ல மனிதர், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறவர்.

"மாப்பிள்ளை கிட்டார் வாசிக்கிறாரு, சந்தோஷம். வேலை என்னா?"

தம்பி கீபோர்ட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். கீபோர்ட் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான் வேலை. மாசச் சம்பளம். சுகமில்லன்னாலும் உண்டு. தீபாவளிக்கு போனஸ் உண்டு."

 "எங்க கம்பெனில சுகமில்லன்னா பாதிதான் தருவான்" என்றார் பெண்ணின் அப்பா. பிறகு உள்ளே திரும்பி, பலகாரத்தைக் கொண்டு வரச் சொன்னார்.

எங்கள் வேனில் திரும்பி வந்தோம். பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டியதும் பெரிய மழை பிடித்தது. கண்ணாடி துடைப்பான் சரியாக வேலை செய்யாது, வேன் ஊர்ந்துதான் போனது. அந்த மாதம் எங்களுக்கு ஒரு மேடையும் இல்லை. யாருக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை. பின் சீட்டில் தம்பி ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். ரவாங் பெண் மேலே சேர்ந்துகொண்டாள். நான் கீழே சேர்ந்தேன். மழை வேனின் தகரக் கூரையில் கொட்ட, எங்கள் எல்லாருடைய சத்தத்தையும் தாண்டி மாமாவின் குரல் ஏறிக்கொண்டே போனது.